ரம்மி ஆடியே குடும்பம் நடத்த முடியுமா? திறமைய விடுங்க, கமிஷன் கணக்க பாருங்க

என் சித்தப்பா பையன் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கணக்கு பாத்துட்டு இருந்தான். ரெண்டாவது லாக்டவுன் முடிஞ்சு கம்பெனில திரும்ப கூப்பிட்டப்போ அவன் போகல. "அண்ணா, வீட்ல இருந்தே ஆப்ல ரம்மி ஆடுறேன், மாசம் 30, 35 வருது, அங்க 18தான் குடுக்கறாங்க"ன்னான். குடிப்பழக்கம் கிடையாது, சோம்பேறியும் கிடையாது, சின்ன வயசுல இருந்தே சீட்டுல கெட்டிக்காரன், பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்கு போனா திண்ணைல உக்காந்து பெரியவங்களையே தோக்கடிப்பான். அதனால அவன் சொன்னத ஒரு திட்டு திட்டிட்டு விட்டுட எனக்கு மனசு வரல. சூதாட்டத்தையே முழுநேர தொழிலா வச்சு பொழைக்க முடியுமாங்கறத உக்காந்து கணக்கு போட்டு பாக்கணும்னு அப்ப ஆரம்பிச்சேன், அதுல புரிஞ்சதத்தான் இங்க எழுதறேன்.

அப்படி பொழைக்கறவங்க உலகத்துல நெஜமாவே இருக்காங்க, அத மொதல்லயே சொல்லிடறேன். ஆனா நம்ம ஊர்ல இந்த பேச்சு வந்தாலே "இது திறமையா அதிர்ஷ்டமா"ங்கற ஒரே இடத்துல போய் நின்னுடும், கோர்ட்லயும் அதுதான், டீக்கடைலயும் அதுதான். பொழப்பு நடக்குமாங்கறத முடிவு பண்றது வேற ஒரு விஷயம், ஒவ்வொரு ஆட்டத்துலயும் ஆட்டத்த நடத்தறவன் எவ்வளவு எடுத்துக்கறாங்கறது.

ரம்மியவே எடுத்துக்கோங்க. ரெண்டு பேர் ஆளுக்கு 100 ரூபாய் போட்டு ஆடறாங்க, நடத்தறவங்க 10% கமிஷன் எடுக்கறாங்கன்னு வைப்போம். நடுவுல 200 இருக்கு, 20 போயிடும், ஜெயிச்சவனுக்கு 180. அதாவது ஜெயிச்சா லாபம் 80, தோத்தா நஷ்டம் 100. இப்ப சரிசமமான திறமை உள்ள ரெண்டு பேர் ஆளுக்கு 1000 ரூபாயோட உக்காந்து 100 ஆட்டம் ஆடி, ஆளுக்கு 50 ஜெயிக்கறாங்க. ஒருத்தன் ஜெயிச்சிருக்கணும் ஒருத்தன் தோத்திருக்கணும்னுதான் நமக்கு தோணும், ஆனா 100 ஆட்டத்துக்கு 20 ரூபான்னா கமிஷன் மட்டும் 2000, ரெண்டு பேர் கொண்டு வந்த மொத்த காசும் அவ்வளவுதான், ரெண்டு பேர் கையிலயும் ஒரு பைசா இருக்காது. யாரும் ஏமாத்தல, யாரும் தப்பா ஆடல, அப்படியும் காசு மொத்தமும் மேஜைய விட்டு வெளிய போயிடுச்சு.

அப்ப நஷ்டமில்லாம தப்பிக்கவே 100 ஆட்டத்துக்கு 56 ஆட்டம் ஜெயிக்கணும். 55 ஜெயிச்சா கூட நஷ்டம்தான், அத ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான், ஏன்னா பாதிக்கு மேல ஜெயிக்கறவனுக்கு தான் ஜெயிக்கற மாதிரியேதான் தோணும். என் தம்பிக்கும் அப்படித்தான் தோணுச்சு.

சரி, இவன் கெட்டிக்காரன், 60 ஜெயிக்கறான்னே வைங்க. ஒரு ஆட்டத்துக்கு சராசரியா 8 ரூபா நிக்கும். மாசம் 40,000 வேணும்னா 5000 ஆட்டம் ஆடணும், ஒரு ஆட்டம் பத்து நிமிஷம்னா 800 மணி நேரத்துக்கு மேல ஆகுது, ஆனா ஒரு மாசத்துல இருக்கறதே 720 மணி நேரம்தான். அதனால எல்லாரும் என்ன பண்றாங்க, பந்தயத்த ஏத்தறாங்க, 100 ரூபா மேஜைய விட்டு 500 ரூபா மேஜைக்கு போறாங்க. அங்க உக்காந்திருக்கறவனும் கீழ் மேஜைல ஜெயிச்சு ஜெயிச்சு மேல வந்தவன்தான். 60 ஜெயிச்சவன் அங்க 57தான் ஜெயிப்பான்னு வைங்க, மூணே மூணு ஆட்டம்தான் குறையுது, ஆனா 100 ரூபா பந்தயத்துக்கு 8 ரூபா நின்ன இடத்துல இப்ப 2 ரூபா 60 காசுதான் நிக்கும். 500 ரூபா மேஜைல மாசம் 1000 ஆட்டம் ஆடினா 13,000 ரூபா சராசரி. அதுவும் சராசரி மட்டும்தான். சீட்டு ஒரு மாசம் நல்லா விழும், ஒரு மாசம் விழாது, அந்த ஏத்த இறக்கத்த கணக்கு போட்டா மேலயோ கீழயோ 14,000 ரூபா பக்கம் வருது, சராசரிய விட ஏத்த இறக்கம் பெருசா இருக்கு. இதுக்கு அர்த்தம், இவ்வளவு நல்லா ஆடறவனுக்கே ஏறக்குறைய ஆறு மாசத்துக்கு ஒரு மாசம் மொத்தத்துல நஷ்டம்தான் வரும்.

நஷ்டமான மாசத்துலயும் வீட்டு வாடகை உண்டு, ஸ்கூல் ஃபீஸ் உண்டு, கேஸ் சிலிண்டர் உண்டு. அத எங்க இருந்து எடுப்பான்? ஆட வச்சிருக்கற காசுல இருந்துதான். விதை நெல்ல எடுத்து சோறாக்கற வேலை அது, அடுத்த மாசம் விதைக்க கையில கம்மியாத்தான் இருக்கும். பொழுதுபோக்கா ஆடறவனுக்கும் முழுநேரமா ஆடறவனுக்கும் இதுதான் பெரிய வித்தியாசம்னு நெனைக்கறேன். சம்பளம் வர்றவன் தோத்தா ரெண்டு மாசம் நிறுத்திட்டு காசு சேத்து திரும்ப வரலாம், இதையே நம்பி இருக்கறவன் அப்படி நிறுத்த முடியாது, சீட்டு சரியில்லாத மாசத்துலயும் அவன் ஆடியாகணும். அங்கதான் "விட்டத பிடிச்சுட்டு நிறுத்திடறேன்"ங்கற பேச்சு ஆரம்பிக்குது, அப்புறம் கைமாத்து, அப்புறம் லோன் ஆப், அப்புறம் பொண்டாட்டி நகை.

இந்த ஏத்த இறக்கத்துக்கு பந்தயம் எவ்வளவு கட்டலாம்னு ஒரு கணக்கே இருக்கு, அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ங்கற ஆராய்ச்சி கூடத்துல வேலை பாத்த ஜான் கெல்லி 1956ல எழுதினது. அதோட சாரம், உனக்கு எந்த அளவுக்கு சாதகம் இருக்கோ அந்த அளவுக்கு ஏத்த ஒரு சின்ன பங்குதான் கையில இருக்கற காசுல இருந்து கட்டணும், சாதகமே இல்லேன்னா கட்டவே கூடாது. அத விட ரொம்ப அதிகமா கட்டினா சாதகம் இருக்கறவன் கூட காலப்போக்குல ஒண்ணுமில்லாம போவான். நம்ம ஆளுங்க பண்றது இதுக்கு நேர் தலைகீழ், தோக்க தோக்க டபுள் பண்றது. 100ல ஆரம்பிச்சு தொடர்ந்து பத்து தடவ தோத்தா பதினோராவது பந்தயம் 1,02,400 ரூபா, கமிஷனே இல்லாத ஆட்டமா இருந்து அதுல ஜெயிச்சாலும் கையில நிக்கற லாபம் வெறும் 100.

ரூலெட், ஸ்லாட் மெஷின், லாட்டரி பத்தி அதிகம் பேச ஒண்ணுமில்ல. ஐரோப்பிய ரூலெட்ல சுத்தற சக்கரத்துல 37 கட்டம், ஒரு நம்பர்ல கட்டி ஜெயிச்சா 35 மடங்குதான் லாபம், 100 ரூபா கட்டினா சராசரியா 2 ரூபா 70 காசு கேசினோவுக்கு. எந்த முறைல கட்டினாலும் இந்த கணக்கு மாறாது, அதுல தொழில் பண்றேன்னு சொல்றவங்க கிட்ட தயவு செஞ்சு காசு குடுக்காதீங்க.

அப்ப ஜெயிக்கறவங்க யாரு? எட்வர்ட் தோர்ப்னு ஒரு அமெரிக்க கணித பேராசிரியர், பிளாக்ஜாக்ங்கற கேசினோ சீட்டாட்டத்துல எந்த சீட்டு வெளிய வந்துடுச்சுன்னு மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே வந்தா சாதகம் கேசினோ பக்கத்துல இருந்து ஆடறவன் பக்கம் மாறும்னு 1960கள் ஆரம்பத்துலயே கணக்கு போட்டு காட்டிட்டார். ரொம்ப ரொம்ப சின்ன சாதகம்தான், 100 ரூபாய்க்கு ஒரு ரூபா அளவுல. ஆனா எண்ண தெரிஞ்சவன்னு கண்டுபிடிச்சா லாஸ் வேகாஸ்ல "நீங்க இங்க ஆட வேண்டாம்"னு வெளிய அனுப்பிடுவாங்க. நியூ ஜெர்சில கென் உஸ்டன்ங்கறவர் அதுக்காக கேஸ் போட்டு 1982ல ஜெயிச்சார், எண்ணறாங்கறதுக்காக ஒருத்தர வெளிய தள்ள கேசினோவுக்கு உரிமை இல்லன்னு அந்த மாநில சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. ஆனா அதனால பெருசா ஒண்ணும் மாறல, சீட்டுக்கட்டு எண்ணிக்கைய கூட்டி, அடிக்கடி கலைச்சு போட்டா எண்ணறது பிரயோஜனமில்லாம போயிடும், கேசினோக்கு அந்த வழி எப்பவும் திறந்தே இருக்கு. பிரிட்டன்ல பந்தயம் வாங்கற கம்பெனிகளும் இதையேதான் பண்றாங்க, தொடர்ந்து ஜெயிக்கறவன் அக்கவுண்ட்ல சில பவுண்டுக்கு மேல கட்ட முடியாதபடி லிமிட் போட்டுடுவாங்க. ஒரு கடைக்காரன், லாபம் வர்ற கஸ்டமர மட்டும் உள்ள விட்டு மத்தவங்கள வாசல்லயே நிறுத்த முடியும்னா எப்படி இருக்கும், அப்படி ஒரு கடை இது.

பில் பென்டர் கதை இன்னும் முக்கியம். இவரும் லாஸ் வேகாஸ்ல சீட்டு எண்ணி பொழைச்சவர், அங்க துரத்தி விட்டதும் ஆலன் உட்ஸ்ங்கற ஆஸ்திரேலியரோட சேந்து 1980கள் நடுவுல ஹாங்காங் குதிரை ரேஸுக்கு போனார். அங்க ரேஸ் நடத்தற ஹாங்காங் ஜாக்கி கிளப், வின் (குதிரை மொதல்ல வரும்னு கட்டறது), பிளேஸ் (மொத சில இடத்துக்குள்ள வரும்னு கட்டறது) பந்தயத்துல 17.5% எடுத்துடும், 100 ரூபா கட்டினா 82 ரூபா 50 காசுதான் ஜெயிச்சவங்களுக்கு திரும்ப போகும். அவ்வளவு பெரிய கழிவையும் தாண்டி ஜெயிக்க அவர் கம்ப்யூட்டர் மாடல் எழுதினார், ஒவ்வொரு குதிரைக்கும் நூத்துக்கும் மேற்பட்ட விஷயங்கள எண்ணா மாத்தி, அதோட மக்கள் கட்டின பந்தயத்துல இருந்து வர்ற விலையையும் கலந்து, எந்த குதிரைக்கு விலை தப்பா இருக்குன்னு மட்டும் தேடினார். ஆரம்பத்துல பெருசா நஷ்டம். வருஷக்கணக்குல டேட்டா சேத்து, ஆள் வச்சு, ஆபீஸ் போட்டு, அதுக்கப்புறம்தான் காசு வந்துச்சு, வந்தப்போ கோடிக்கணக்குல வந்துச்சு. 1994ல தன் முறைய ஆராய்ச்சி கட்டுரையாவே வெளியிட்டார். அத படிச்சா ஒண்ணு நல்லா தெரியும், குதிரை மேல ஆசைப்பட்டு கட்டின ஒரு பந்தயம் கூட அதுல இல்ல. அவர் நடத்தினது புள்ளிவிவர கம்பெனி, அவரோட பொருள் விலை தப்பா போட்ட குதிரை, அவருக்கு காசு குடுத்தது ஹாங்காங்ல வேலை முடிஞ்சு வந்து ஆசையா பத்து டாலர் கட்டின சாதாரண ஜனங்க. இத நான் குத்தமா சொல்லல, ஆனா பந்தயத்துல வர்ற காசு வேற எங்க இருந்தும் வராது, தோத்தவன் பாக்கெட்ல இருந்துதான் வரும், அத ஒரு நிமிஷமாவது நெனச்சு பாக்கணும்.

போக்கர் ஆளுங்க பேசறப்போ எப்பவும் வர்ற பேரு கிறிஸ் மணிமேக்கர். டென்னசில அக்கவுண்டன்ட், 86 டாலர் கட்டி ஆன்லைன்ல ஒரு தகுதி போட்டில ஜெயிச்சு, 2003ல உலக போக்கர் தொடர் முக்கிய போட்டிக்கு போய் 839 பேர் ஆடினதுல மொதல்ல வந்து 25 லட்சம் டாலர் வாங்கினார். அத பாத்துட்டு அடுத்த வருஷம் 2576 பேர் வந்தாங்க. அந்த போட்டிக்கு நுழைவு கட்டணமே 10,000 டாலர், வர்றவங்கள்ல ரொம்ப பெரும்பாலானவங்க ஒரு டாலர் கூட இல்லாம திரும்புவாங்க. இணையத்துல பட்டியல் போட்டு "இவர் வாழ்நாள்ல இத்தனை லட்சம் டாலர் சம்பாதிச்சார்"னு காட்டறாங்களே, அது பரிசு தொகை மட்டும், அவர் கட்டின நுழைவு கட்டணம் அதுல கழிக்கவே மாட்டாங்க. போதாததுக்கு நெறய பேர் வரப்போற பரிசுல ஒரு பங்க முன்கூட்டியே மத்தவங்களுக்கு வித்துட்டுத்தான் ஆடவே உக்காருவாங்க. ஒரு கடைல கல்லாப்பெட்டில விழுந்தத மட்டும் எண்ணி, சரக்கு வாங்கின காச எண்ணாம விட்டா எல்லா கடையும் லாபக்கடைதான்.

இப்ப வரி. இதுல ரெண்டு பழைய கேஸ் இருக்கு, ரெண்டுமே எனக்கு ரொம்ப பிடிச்சது. பிரிட்டன்ல 1925ல கிரஹாம்ங்கறவர் கேஸ், அந்த மனுஷனுக்கு வேற வேலையே கிடையாது, வீட்ல இருந்தே குதிரைக்கு கட்டித்தான் பொழச்சார். வரி அதிகாரி இது தொழில், வரி கட்டுன்னார். ஜட்ஜ் முடியாதுன்னுட்டார், ஒருத்தன் எவ்வளவு பழக்கமா கட்டினாலும் பந்தயம் கட்டறது தொழில் ஆகாது, அதனால வரியும் இல்லன்னு தீர்ப்பு. பிரிட்டன்ல இன்னிக்கும் பந்தயத்துல ஜெயிச்ச காசுக்கு வருமான வரி கிடையாது.

அமெரிக்காவுல நேர் எதிர். ராபர்ட் கிரோட்ஸிங்கர்ங்கறவர் 20 வருஷம் சேல்ஸ், மார்க்கெட் ரிசர்ச் வேலை பாத்து, அது போனதும் 1978ல நாய் ரேஸ்ல எறங்கினார். வாரம் 6 நாள், 48 வாரம், வாரத்துக்கு 60ல இருந்து 80 மணி நேரம் அதே வேலை, ரேஸ் புத்தகத்த படிக்கறது, ட்ராக்குக்கு போறது, கட்டறது. இது தொழிலான்னு கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 1987ல கோர்ட் தொழில்தான்னு சொல்லுச்சு, தொடர்ந்து, ஒழுங்கா, பொழப்புக்காக பண்ணினா சூதாட்டமும் தொழில்தான்னு. சரி, அந்த வருஷம் அவர் என்ன சம்பாதிச்சார்? கட்டினது 72,032 டாலர். வந்தது 70,000. வாரம் 80 மணி நேரம் வரைக்கும் உழைச்சு, நாட்டோட பெரிய கோர்ட்டே முழுநேர சூதாட்டக்காரர்னு ஒத்துக்கிட்ட மனுஷனுக்கு அந்த வருஷம் 2032 டாலர் நஷ்டம்.

இப்ப அமெரிக்காவுல 2025ல புதுசா ஒரு சட்டம் வந்திருக்கு, 2026ல இருந்து சூதாட்ட நஷ்டத்துல 90% மட்டும்தான் கழிச்சுக்கலாம். கிரோட்ஸிங்கர் கணக்க அதுல போட்டு பாருங்க, 72,032ல 90% 64,829, அத 70,000ல கழிச்சா 5171 டாலர் வருமானம்னு கணக்காகும், கையில 2032 நஷ்டம்.

நம்ம நாட்டு வரி இத விட கடுமை. குதிரை ரேஸ், லாட்டரி, சீட்டாட்ட காசுக்கு தனியா 30% வரி, அதுல செலவு எதையும் கழிக்க முடியாது. ஜெயிச்ச பந்தயத்துக்கு வரி, தோத்த பந்தயம் உன் பாடு, பென்டரே இங்க வந்தாலும் மாடலால ஒண்ணும் பண்ண முடியாது. ஆன்லைன் விளையாட்டுக்கு 2023 ஏப்ரல்ல இருந்து கொஞ்சம் மாத்தி, ஒரு ஆப்ல வந்த நிகர லாபத்துக்கு 30% பிடிச்சுக்கிட்டாங்க. அதே வருஷம் அக்டோபர் 1ல இருந்து உள்ள போடற முழு தொகைக்கும் 28% ஜிஎஸ்டி வந்துச்சு, 100 ரூபா போட்டா அதுல கிட்டத்தட்ட 22 ரூபா வரிக்கே போச்சு. போனஸ்ங்கற பேர்ல கொஞ்ச காலம் ஆப்காரங்களே அத ஈடு கட்டினாங்க, ஆனா அது நம்ம நம்பி பொழப்பு நடத்தற காசா? மேல சொன்ன 57 ஆட்டம் ஜெயிக்கற ஆளு, அந்த 13,000ல 30% போனா 9100. திருப்பூர்ல அவன் விட்ட வேலைக்கு 18,000, அதோட பிஎஃப், இஎஸ்ஐ.

திறமை ஆட்டம்னு ஒரு பேச்சு வரும்னு மொதல்லயே சொன்னேன்ல, அதுக்கு மூலம் 1967ல வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, ஆந்திர அரசுக்கும் சத்தியநாராயணாங்கறவருக்கும் நடந்த கேஸ். எந்த சீட்டு விழுந்துச்சுன்னு ஞாபகம் வச்சு, எத வைக்கறது எத தள்ளறதுன்னு யோசிக்கணும், அதனால ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம்னு அதுல சொன்னாங்க. ரம்மி கம்பெனிகள் ஐம்பது வருஷம் கழிச்சும் இத தூக்கிட்டு வந்தாங்க. ஆனா அதே தீர்ப்புல கூடவே இன்னொண்ணும் இருக்கு, பந்தயம் வச்சு ஆடற ஆட்டத்துல இருந்து கிளப் நடத்தறவன் லாபம் பாத்தா அது குற்றமாகலாம்னு. அதாவது அந்த நீதிபதிகளுக்கே கண்ணு கமிஷன் மேல போயிருக்கு. விளம்பரத்துல மொத பாதி மட்டும் வந்துச்சு, ரெண்டாவது பாதி எங்க தம்பி மாதிரி ஆளுங்க காதுல விழவே இல்ல. எனக்கு இதுல வர்ற கோவம் கொஞ்ச நஞ்சமில்ல.

தமிழ்நாட்டுல ஆன்லைன் ரம்மில கடன்பட்டு தற்கொலைகள் தொடர்ந்ததும் 2022ல ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமைல குழு போட்டாங்க, அவசர சட்டம் வந்துச்சு, சட்டசபைல நிறைவேத்தின மசோதாவ கவர்னர் திருப்பி அனுப்பினார், 2023 மார்ச்ல திரும்ப நிறைவேத்தி ஏப்ரல்ல ஒப்புதல் வாங்கினாங்க. நவம்பர்ல ஹைகோர்ட் சட்டம் செல்லும்னு சொல்லி, ஆனா ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், அத தடை செய்ய முடியாதுன்னுடுச்சு. அப்புறம் 2025ல ராத்திரி 12ல இருந்து காலைல 5 வரைக்கும் ஆட கூடாது, ஆதார் கட்டாயம்னு விதி போட்டாங்க, அத ஹைகோர்ட்டும் ஏத்துக்கிச்சு. கடைசில 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசே பணம் வச்சு ஆடற எல்லா ஆன்லைன் விளையாட்டையும், திறமையா அதிர்ஷ்டமாங்கற பாகுபாடே இல்லாம, நடத்த கூடாதுன்னு சட்டம் கொண்டு வந்துச்சு. நடத்தறவங்களுக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 கோடி வரைக்கும் அபராதம், ஆடறவங்களுக்கு தண்டனை இல்ல. பெரிய ஆப்கள் உடனே காசு ஆட்டத்த நிறுத்திட்டாங்க. இனி "நான் ஆன்லைன்ல ஆடி பொழைக்கறேன்"ங்கறவன் வெளிநாட்டு ஆப், டெலிகிராம் குரூப்னுதான் போகணும், அங்க ஜெயிச்ச காச குடுக்கலன்னா போலீஸ் ஸ்டேஷன்ல போய் என்னன்னு புகார் எழுதுவான்?

தம்பி ஒரு நோட்டு வச்சிருந்தான், டெய்லி ஜெயிச்சத எழுதி வைப்பான், ஏமாத்தற எண்ணமெல்லாம் இல்ல, கணக்குப்பிள்ளை புத்தி. ஒரு ஞாயித்துக்கிழமை அவன் பேங்க் ஸ்டேட்மென்ட 11 மாசத்துக்கு டவுன்லோட் பண்ணி ரெண்டு பேரும் உக்காந்து போட்டோம். ஆப்ல இருந்து உள்ள வந்தது எல்லாமே நோட்டுல இருந்துச்சு, 5000, 8000, ஒரு நாள் 22,000. வெளிய போனது நோட்டுல பாதிதான் இருந்துச்சு, ஏன்னா அது 200, 300, 500ன்னு சின்ன சின்னதா, ராத்திரி ஒரு மணிக்கும் ரெண்டு மணிக்கும் போயிருக்கு, காலைல அது ஞாபகத்துலயே இருக்காது. ரெண்டு பக்கமும் கூட்டி வந்ததும் அவன் கால்குலேட்டர வாங்கி மறுபடி மொதல்ல இருந்து போட்டான். மூணாவது தடவையும் அதே எண்தான், 1,46,000 மைனஸ். கமிஷனா மட்டும் எவ்வளவு போயிருக்கும்னு ஆப்ல இருந்த ஆட்ட எண்ணிக்கைய வச்சு பாத்தோம், அது நஷ்டத்த விட அதிகமா வந்துச்சு. அதாவது கூட ஆடினவங்க கிட்ட அவன் தோக்கவே இல்ல.

"அப்ப நான் நல்லாத்தான்ணா ஆடிருக்கேன்"னான். ஆமாடான்னேன்.